உராய்வுப் பாடத்தில் நான் சொன்ன தவறுகள்



இது நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பைக், மொபெட், கார், டிராக்டர் எது வைத்திருந்தாலும் சரி, கடைசிவரை படியுங்கள். 33 ஆண்டுகள் வகுப்பில் நின்று பாடம் சொன்ன நான், அதில் ஒரு பாடத்தைத் திருத்தி எழுதவேண்டிய நிலைக்கு வந்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் பேரன் சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். நாள் முழுக்க பைக்கில்தான் பிழைப்பு. மூன்று மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தவன், "தாத்தா, வண்டிக்கு ஆயில் மாத்தணும்" என்றான். என் மருமகன் காருக்கு வாங்கியதில் மீந்துபோன ஆயில் ஒரு லிட்டர் வீட்டில் இருந்தது. நல்ல விலையுள்ள ஆயில். "பைக் ஆயிலைவிட இது ஒசத்தி. எடுத்துக்கிட்டுப் போ" என்று நானே கையில் கொடுத்தேன். ஊற்றிக்கொண்டான். சில நாளில் வண்டி கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. ஒரு கடையில் கிளட்ச் பிளேட் மாற்றினான். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே வழுக்கல். இரண்டு முறை செலவு, நான்கு நாள் வேலை போயிற்று.

கடைசியில் குயிலாப்பாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போயிருக்கிறான். அவன் கேட்ட முதல் கேள்வியே, "என்ன ஆயில் ஊத்தினே?" என்பதுதான். பையன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். மாணவன் எனக்குப் போன் செய்தான். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. கார் ஆயில பைக்குக்குக் குடுத்துட்டீங்களே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் நடத்தும்போது இதே மாணவன் எழுந்து, "சார், எண்ணெய் தேயுமா?" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உக்காருடா" என்றேன். எனக்குப் பதில் தெரியாது, அதுதான் உண்மை. அவனிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஒரு மாதமாகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஒன்று புரிந்தது. இன்ஜின் ஆயிலைப் பற்றி நாம் நம்பும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. இன்ஜின் மாறியது, எண்ணெய் மாறியது, நம் பேச்சு மட்டும் மாறவில்லை. அதனால்தான் இதை வரலாறாகச் சொல்ல விரும்புகிறேன்.

*வண்டி மை*

என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கட்டை வண்டியின் அச்சுக்கு மை போடாமல் யாரும் வண்டி பூட்ட மாட்டார்கள். வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு மூங்கில் குழாயில் போட்டு வண்டிக்கடியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மசகு என்ற சொல்லே சக்கரத்துக்குப் போடும் இந்த மையைக் குறிப்பதுதான். இன்று பாடப்புத்தகத்தில் "மசகு எண்ணெய்" என்று படிக்கிறோமே, அந்தச் சொல் மாட்டு வண்டியிலிருந்து ஏறி வந்தது.

அந்த விளக்கெண்ணெய் சாதாரணமானதில்லை. கெட்டியானது, உலோகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தியாவில் ரயில்வேக்காரர்களும் ஆலைக்காரர்களும் 19-ஆம் நூற்றாண்டில் இயந்திரங்களுக்கு ஆமணக்கெண்ணெயைத்தான் நிறையப் பயன்படுத்தினார்கள். முதல் உலகப் போரில் (1914-18) பறந்த பல விமானங்களின் சுழல் இன்ஜின்களுக்கும் இதே விளக்கெண்ணெய்தான். இன்ஜின் கக்கிய எண்ணெய்ப் புகையை மூச்சோடு விழுங்கிய விமானிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது என்று படித்தபோது சிரித்துவிட்டேன். நம் பாட்டிமார்கள் மாதம் ஒருமுறை நமக்குக் கொடுத்த மருந்துதானே! இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவரின் கம்பெனி 1909-ல் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தது, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் என்பதிலிருந்துதான்.

"எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினைக் காப்பாற்றும்" என்ற நம்பிக்கை இங்கேதான் பிறந்தது. கட்டை வண்டி அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே விரல் நுனி நுழையும் இடைவெளி இருக்கும். அங்கே கெட்டி மைதான் நிற்கும். அது சரியான அறிவு. ஆனால் விளக்கெண்ணெய்க்கு ஒரு குறை உண்டு. சூட்டிலும் காற்றிலும் சில நாளில் பிசினாகிவிடும். ஓடி நிற்கும் இன்ஜினுக்கு அது ஆகாது.

*மண்ணுக்குள்ளிருந்து வந்த எண்ணெய்*

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தார். 1866-ல் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர், கச்சா எண்ணெயில் மருந்துக் குணம் இருக்கிறதா என்று ஆராயப் போனார். மருந்து கிடைக்கவில்லை, நீராவி இன்ஜின் வால்வுகளுக்கு நல்ல மசகு கிடைத்தது. வால்வொலின் என்ற பெயர் அதில் பிறந்தது. நம் நாட்டில் அசாமின் திக்பாயில் 1901-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை மணலியில் மதராஸ் ரிஃபைனரீஸ் 1965-ல் தொடங்கப்பட்டு 1969-ல் உற்பத்திக்கு வந்தது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயும் அங்கே தயாராகிறது. இந்தியன் ஆயில் தன் சர்வோ ஆயிலை 1972-ல் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பக்கக் கிணறுகளில் டீசல் இன்ஜின் தடதடத்த காலத்தில் ஆயில் டப்பா என்றால் எங்களுக்கு அதுதான்.

டீசல் என்றதும் ஒரு செய்தி. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டியது எந்த எண்ணெயில் தெரியுமா? வேர்க்கடலை எண்ணெயில். நம் பக்கத்து மொழியில் மல்லாட்டை எண்ணெயில்! அதே காலத்தில் நம் தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த இன்ஜினுக்கு ஊற்றியது நம் ஊர்க் கொட்டையா என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. அந்த எண்ணெய் எரிவதற்கு, மசகு எண்ணெய் உராய்வைத் தடுப்பதற்கு. வேலை வேறு, எண்ணெய் வேறு. "எண்ணெய் எல்லாம் ஒன்றுதான்" என்பது முதல் தவறு.

*கறுத்தால் கெட்டதா?*

இது நான் வகுப்பில் சொன்னது: "ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருள்." தவறு.

பழைய ஆயிலில் கழுவும் சத்து கிடையாது. எரிபொருள் எரிந்து வரும் கரி, பிஸ்டன் ரிங்கிலும் ஆயில் தொட்டியின் அடியிலும் வண்டலாகப் படிந்துவிடும். மேலே இருக்கும் ஆயில் ஓரளவு தெளிவாகவே தெரியும். அந்தக் காலத்தில் ஆயில் கன்னங்கரேலென்று ஆனால் நிலைமை மோசம் என்று பொருள். அது சரி.

1930களில் அமெரிக்காவில் டீசல் டிராக்டர்களின் பிஸ்டன் ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொண்டு இன்ஜின்கள் வீணாயின. அதற்காகக் கரியைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும் ஆயிலைத் தயாரித்தார்கள். 1935-ல் டீலோ என்ற ஆயில் இதற்காகவே வந்தது. துணி சோப்பில் அழுக்கு தண்ணீரோடு வருவதுபோல, இந்த ஆயிலில் கரி ஆயிலோடு வரும். துணி துவைத்த தண்ணீர் கறுத்தால் சோப்பு கெட்டுவிட்டது என்றா சொல்வோம்? அது வேலை செய்கிறது என்றுதானே பொருள்! டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு நிறத்துக்குப் பயப்படுங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நம் மாவட்டமே தண்ணீரில் மிதந்தபோது எத்தனை பைக்குகள் மூழ்கின! மூழ்கிய வண்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யக்கூடாது. முதலில் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் ஆயிலைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

*எண்ணெய் தேயுமா?*

அந்தப் பையனின் கேள்விக்கு 30 ஆண்டு கழித்துப் பதில் சொல்கிறேன். மூல எண்ணெய் அவ்வளவு எளிதில் தேயாது. பழைய ஆயிலைச் சேகரித்துச் சுத்திகரித்து மறுபடியும் மூல எண்ணெயாக ஆக்கும் ஆலைகளே இருக்கின்றன. தேய்வது அதில் கலந்திருக்கும் சத்துகள்: கரியைப் பிடிப்பது, அமிலத்தை முறிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது. அவை தீர்ந்துபோகும், அழுக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் "குறைந்தால் கொஞ்சம் ஊற்றினால் போதும், மாற்றத் தேவையில்லை" என்பதும் தவறு. அழுக்குத் தண்ணீரில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிப்பதற்குச் சமம்.

*20டபிள்யூ-40 என்றால் என்ன?*

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-ல் ஆயிலின் கெட்டித் தன்மைக்கு எண் கொடுக்கத் தொடங்கியது. டப்பாவில் எஸ்ஏஇ என்று போட்டிருப்பது அந்தச் சங்கத்தின் பெயர்தான். 20டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்றால் எடை என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. முதல் எண், குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது.

"நமக்கேது குளிர்? விழுப்புரத்தில் பனியா பெய்கிறது?" என்று கேட்பீர்கள். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 100 டிகிரியில் வேலை செய்யும் இன்ஜினுக்கு நம் காலை 28 டிகிரியும் குளிர்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது விரைந்து மேலே ஏறவேண்டும். ஏறும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும்.

பழைய இன்ஜின்களில் இடைவெளி அதிகம். 40, 50 என்று கெட்டி ஆயில் கேட்டன. இப்போதைய பைக்குகள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30, சில கார்களுக்கு 0டபிள்யூ-20 என்றே கம்பெனி எழுதியிருக்கிறது. இடைவெளி குறைந்துவிட்டது, ஆயில் போகும் வழிகளும் குறுகிவிட்டன. அங்கே கெட்டி ஆயிலை ஊற்றினால் போய்ச் சேரவேண்டிய நேரத்தில் போய்ச் சேராது. அதே சமயம், கெட்டி ஆயில் கேட்கும் பழைய புல்லட்டுக்குத் தண்ணீர் மாதிரி ஆயில் ஊற்றுவதும் தவறு. எது நல்ல ஆயில் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த வண்டிக்கு என்று கேட்டால்தான் பதில்.

*பெட்ரோலோடு ஊற்றிய காலம்*

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. ஆசிரியர், தபால்காரர், பால்காரர், மீன்காரர் என்று எல்லாரையும் சைக்கிளிலிருந்து இறக்கியது அதுதான். நான் 1986-ல் வாங்கினேன். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். தனியாக ஆயில் தொட்டி இல்லை. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றவேண்டும். வண்டிக்குத் தக்கபடி லிட்டருக்கு 20 முதல் 40 மில்லி என்பது அளவு. நான் "கூட ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லதுதானே" என்று தாராளமாக ஊற்றினேன். வண்டிக்குப் பின்னால் வெண்புகை, பிளக்கில் கரி, மாதம் ஒருமுறை சைலன்சர் அடைப்பு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அதே வாயால் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்!

அந்தப் புகைக்காகவே 1998-ல் உச்ச நீதிமன்றம், டெல்லியில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பதைத் தடுத்து, பங்கிலேயே அளவாகக் கலந்து தரவேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று எக்ஸ்எல் 100 உட்பட மொபெட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. ஆனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னமும் பெட்ரோல் டேங்கில் ஆயில் ஊற்றுகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது எரிந்து கரியாகும், வேறு பயன் இல்லை.

*கார் ஆயிலும் பைக் ஆயிலும்*

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். காரில் கிளட்ச் வேறு, இன்ஜின் ஆயில் வேறு. கியர் வைத்த பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. எரிபொருள் மிச்சமாவதற்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். காருக்கு நல்லது. ஆனால் கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தான்! உராய்வைக் குறைத்தால் பிளேட் வழுக்காமல் என்ன செய்யும்? புது பிளேட்டையும் அதே ஆயிலில் முக்கினால் அதுவும் வழுக்கும். உராய்வு எங்கே தீமை, எங்கே நன்மை என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதியவன் நான். அதை மறந்து ஒரு பையனின் பிழைப்பில் கை வைத்துவிட்டேன்.

1990களின் கடைசியில் ஜப்பானியர்கள் இதற்காகவே ஒரு தர அடையாளம் வைத்தார்கள். டப்பாவின் பின்பக்கம் "ஜாசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்று இருந்தால் ஈரக் கிளட்ச் உள்ள பைக்குக்கு உரியது. "எம்பி" என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. விலையைப் பார்க்காதீர்கள், அந்த எழுத்தைப் பாருங்கள்.

"கம்பெனி மாற்றினால் இன்ஜின் போய்விடும்" என்பதும் பழைய கதைதான். வண்டல் படிந்த பழைய இன்ஜினில் கழுவும் சத்துள்ள புது ஆயிலை ஊற்றியபோது, வண்டல் பெயர்ந்து வழியை அடைத்தது. பழி புது ஆயில் மேல் விழுந்தது. இன்று ஒரே தரமும் ஒரே எண்ணும் உள்ள ஆயிலாக இருந்தால், அவசரத்துக்கு வேறு கம்பெனி ஆயிலைச் சேர்ப்பதால் இன்ஜின் கெடாது.

*எப்போது மாற்றுவது?*

1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது அந்தக் கால ஆயிலுக்கு. இன்று பைக்குகளுக்குப் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 வரை, கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று வண்டிப் புத்தகத்திலேயே இருக்கும். ஆனால் அதே புத்தகத்தில், தூசி நிறைந்த இடமானால் இன்னும் சீக்கிரம் மாற்று என்றும் இருக்கும். அந்த வரியை நாம் படிப்பதில்லை. குயிலாப்பாளையத்தின் செம்மண்ணை உங்களுக்குச் சொல்லவேண்டுமா? ஆரோவில் மண் பாதைகளில் ஒருமுறை போய்வந்தால் வெள்ளை வேட்டி காவியாகிவிடும். அந்தத் தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் ஆயிலோடு கலந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். "சார், இங்க ஆயிலவிட ஏர் ஃபில்டர்தான் இன்ஜினக் காப்பாத்துது" என்றான் என் மாணவன். குறித்துக்கொண்டேன்.

*பழைய ஆயில்*

கடைசியாக, எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தும் விஷயம். "பழைய ஆயிலை வேலிக் காலுக்கும் மரத்தடிக்கும் ஊற்றினால் கரையான் வராது" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டிலும் பல ஆண்டுகள் மொபெட்டில் எடுத்த கழிவு ஆயிலைப் பின்பக்கம் ஊற்றியிருக்கிறேன். பத்தடியில் கிணறு. மாட்டுப் புண்ணுக்குப் பூசுவதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

வண்டி மை மண்ணில் விழுந்தால் மண் அதைத் தின்றுவிடும், அது விளக்கெண்ணெய். இன்ஜினில் வெந்த ஆயில் அப்படியில்லை. அதில் உலோகத் துகளும், தோலில் படப்படப் புற்றுநோய்க்கு வழி செய்யும் பொருள்களும் இருக்கின்றன. நம் பகுதிக்குக் கீழே இருப்பது கடலூர் மணற்கல். மழைநீரை உறிஞ்சி உள்ளே அனுப்பும் கல். 1968-க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் நம் ஊர் மக்களும் சேர்ந்து வரப்புப் போட்டு, மரம் நட்டு, மழையை அந்த மண்ணுக்குள் இறக்கப் பாடுபட்டார்கள். அதே மண் வழியாகத்தான் நாம் ஊற்றும் ஆயிலும் இறங்கும். மேலே ஊற்றியது கீழே குடத்துக்கு வரும்.

2016-ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவு ஆயில் அபாயகரக் கழிவு. 2023-ல் வந்த திருத்தத்தால், 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே அதைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. என் மாணவனின் பட்டறையில் ஒரு பீப்பாய் வைத்து, நிரம்பியதும் உரிமம் உள்ளவர்களிடம் கொடுக்கிறான். வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழையதைக் கேனில் அடைத்து அப்படிப்பட்ட பட்டறையில் கொடுங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அதில் கழிவு ஆயிலை நிரப்பிப் புதியது என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: வண்டிப் புத்தகத்தைப் படியுங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள், அளவுக் குச்சியைப் பாருங்கள், பழைய ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள்.

பேரனின் கிளட்ச் செலவை நான் கொடுத்துவிட்டேன். "வேணாம் தாத்தா" என்றான். வற்புறுத்தி வாங்க வைத்தேன். கிணற்றடி மண்ணுக்கு அப்படி எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. அந்த இடத்தில் இனி ஒரு சொட்டும் ஊற்ற மாட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

1984 முதல் என்னிடம் எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் படித்த பிள்ளைகளே, உங்கள் நோட்டில் நான் எழுத வைத்ததில் "கறுத்த ஆயில் கெட்ட ஆயில்" என்ற வரியை அடித்துவிடுங்கள். கரையான் வரியையும் அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் வகுப்பில் சிரிப்பாணிக் கேள்வி கேட்டதாக ஆசிரியர் சொன்னால், என்ன கேள்வி என்று ஒருமுறை கேளுங்கள்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் மெக்கானிக் பிள்ளைகள் தயங்காமல் திருத்துங்கள். இம்முறை உட்காரச் சொல்ல மாட்டேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்